நரம்பணுவைத் தொடாத வைரஸ்

1933-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 20 காரகுல் ஆடுகள் ஐஸ்லாந்துக்குப் போய் இறங்கின. சுருள் சுருளான குட்டித் தோலுக்குப் பேர்போன இனம். உள்ளூர் ஆடுகளோடு கலந்து பெருக்கினால் நாலு காசு பார்க்கலாம் என்பது அரசின் கணக்கு. வந்தவற்றைத் தனியே அடைத்து வைத்துக் கவனித்தார்கள். ஒன்றுக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. பிறகு பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

சில ஆண்டுகள் போயின. உள்ளூர் ஆடுகள் மூச்சுவாங்கிச் சாக ஆரம்பித்தன. வேறு சில ஆடுகளுக்கு மூச்சில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகும்போது மந்தையோடு நடக்க முடியாமல் பின்தங்கின. பின்னங்கால்கள் தடுமாறின, உதடு லேசாக நடுங்கியது. மாதக்கணக்கில் மெலிந்து, கடைசியில் எழுந்திருக்கவே முடியாமல் படுத்துவிட்டன. வெட்டிப் பார்த்தால் மூளையிலும் தண்டுவடத்திலும் அழற்சி.

தலைநகர் ரெய்க்யவிக்கை ஒட்டிய கெல்டூர் ஆய்வுக்கூடத்தில் பியோர்ன் சிகுர்ட்சன் என்ற மருத்துவர் இதைப் பிடித்துக்கொண்டார். நோயுற்ற ஆட்டின் மூளைக் கூழை நல்ல ஆட்டுக்குச் செலுத்திவிட்டுக் காத்திருந்தார். வாரக் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில். தொற்று உடலுக்குள் போய்ப் பல மாதங்கள், சில நேரம் பல ஆண்டுகள் கழித்துத்தான் நோய் முகம் காட்டியது. காட்டிய பிறகு பின்வாங்கவே இல்லை. 1954-இல் லண்டனில் ஆற்றிய உரைகளில் இப்படிப்பட்டவற்றுக்கு ‘மெதுத் தொற்று’ என்று தனி வகையே வகுத்தார். ஆட்டின் மூளை நோய்க்கு விஸ்னா என்று பெயர். அந்த வைரஸ் ஆய்வுக்கூடத்தில் பிடிபட்ட சமயத்தில், 1959-இல், சிகுர்ட்சன் காலமானார். வயது 46.

ஆட்டுக் கதைக்கும் எச்ஐவிக்கும் என்ன தொடர்பு? 1983-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்ஐவி வைரஸைக் கண்டுபிடித்தார்கள். 1985-இல் அதன் மரபணு வரிசையைப் படித்து, அதுவரை தெரிந்த வைரஸ்களோடு ஒப்பிட்டபோது நெருங்கிய உறவாக வந்து நின்றது ஐஸ்லாந்து ஆட்டின் விஸ்னா வைரஸ்தான். இரண்டும் லென்டிவைரஸ் என்ற ஒரே குடும்பம். மூளைக்குப் போய் உட்கார்ந்துகொள்வது எச்ஐவி புதிதாகக் கற்ற வித்தை அல்ல. குடும்ப வழக்கம்.

நாம் எச்ஐவி என்றதும் ரத்தத்தைத்தான் நினைக்கிறோம். சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்கள் எத்தனை, வைரஸ் அளவு எத்தனை என்பதுதான் நோயாளியும் மருத்துவரும் பேசிக்கொள்ளும் கணக்கு. தப்பில்லை, உயிரைக் காப்பாற்றுவது அந்தக் கணக்குதான். ஆனால் இந்த வைரஸ் மூளையிலும் நரம்புகளிலும் செய்கிற வேலை இன்னும் விசித்திரமானது. அது நரம்பணுவுக்குள் நுழைவதில்லை. நுழையாமலேயே நரம்பணுவைக் கெடுக்கிறது.

எண்பதுகளின் முற்பகுதியில் நியூயார்க்கில் எய்ட்ஸ் வார்டுகளில் இருந்த மருத்துவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்தார்கள். சிலர் மெதுவாகிக்கொண்டே வந்தார்கள். கேள்வி கேட்டால் பதில் சரியாக வரும், ஆனால் கொஞ்சம் நேரம் எடுத்து வரும். படித்த பக்கத்தையே திரும்பப் படிப்பார்கள். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும். நண்பர்கள் வந்தால் பேசப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். சாவு கண்ணெதிரே நிற்கும் இளைஞன் சோர்ந்து போவதில் அதிசயம் என்ன என்று முதலில் இதை மனச்சோர்வின் கணக்கில் எழுதினார்கள். இல்லையென்றால், எதிர்ப்பு சக்தி போன உடம்பில் வேறு ஏதோ கிருமி மூளையைத் தொட்டிருக்கும் என்றார்கள்.

மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைஸ், பிராட்ஃபோர்டு நேவியா இருவருக்கும் அந்த விளக்கம் போதவில்லை. எய்ட்ஸால் இறந்து பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட 70 பேரின் விவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். 46 பேருக்குப் படிப்படியாக வளர்ந்த அறிவுத்திறன் இழப்பு இருந்திருக்கிறது. பலருக்கு அதை விளக்கும் வேறு கிருமி எதுவும் மூளையில் இல்லை. 1986-இல் அவர்கள் எழுதிய கட்டுரைகள்தான் ‘எய்ட்ஸ் டிமென்ஷியா’ என்ற நோய்க்கு வடிவம் கொடுத்தன. அதற்கு முந்தைய ஆண்டே எய்ட்ஸால் இறந்தவர்களின் மூளைத் திசுவில் எச்ஐவியின் மரபணுப் பொருளைக் கண்டிருந்தார்கள். ஆக, குற்றவாளி வேறு யாரும் இல்லை.

இந்த மறதி, வயதானவர்களுக்கு வரும் அல்சைமர் மறதியைப் போன்றதல்ல. அல்சைமரில் காலையில் வந்துபோன மகளே வரவில்லை என்று சொல்வார்கள். பேச்சில் வார்த்தை தொலையும். எச்ஐவியில் நினைவு உள்ளே இருக்கிறது, எடுத்துத் தர நேரமாகிறது. காரணம், பாதிப்பு முதலில் விழுவது மூளையின் மேற்பரப்பில் அல்ல. அடியாழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற நரம்பணுத் திரள்களிலும், மூளையின் பகுதிகளை இணைக்கும் வெண்பொருளிலும்தான். அசைவின் வேகத்தைத் தீர்மானிக்கும் இடம் அது. பார்க்கின்சன் நோய் தாக்குவதும் இதே வட்டாரத்தைத்தான்.

அதனால்தான் இதைக் கண்டுபிடிக்கும் மிக எளிய சோதனை விரலில் தொடங்குகிறது. 2005-இல், பால்டிமோரிலும் உகாண்டாவின் கம்பாலாவிலும் சோதித்து வெளியிட்ட அளவுகோல் ஒன்று உண்டு. படிப்பறிவு தேவையில்லை, எந்த மொழிக்காரருக்கும் செய்யலாம். முதலில் நான்கு சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிறகு எழுதாத கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகத் தட்ட வேண்டும். 5 வினாடியில் 15 தட்டு வந்தால் முழு மதிப்பெண். அடுத்தது, மேசைமேல் முஷ்டி, பிறகு உள்ளங்கையைப் பரப்பி, பிறகு கையைப் பக்கவாட்டில் நிறுத்தி. இந்த மூன்றையும் வரிசை குலையாமல் 10 வினாடிக்குள் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசியாக அந்த நான்கு சொற்கள். மொத்தம் 12 மதிப்பெண். 10 அல்லது அதற்குக் கீழே என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். ஸ்கேன் இல்லை, ஊசி இல்லை. ஒரு கைக்கடிகாரம் இருந்தால் போதும். எந்தக் கிராமத்துச் சுகாதார நிலையத்திலும் செய்துவிடலாம்.

சரி, வைரஸ் எப்போது மூளைக்குப் போகிறது? நோய் முற்றிய பிறகு என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். 1992-இல் வெளியான ஒரு துயரமான மருத்துவ அறிக்கை அந்த எண்ணத்தை அசைத்தது. மருத்துவமனை ஒன்றில் நேர்ந்த தவறால், எச்ஐவி உள்ள வேறொருவரின் வெள்ளையணுக்கள் ஒரு நோயாளியின் ரத்தக் குழாயில் ஏற்றப்பட்டுவிட்டன. 15 நாள் கழித்து அவர் இறந்தார். மூளையில் எச்ஐவி இருந்தது. இருபது ஆண்டு கழித்து பாங்காக்கில் இன்னும் நேரடியான சான்று கிடைத்தது. தொற்று ஏற்பட்டுச் சில நாட்களே ஆனவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் சம்மதத்தோடு முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரை எடுத்தார்கள். 18 பேரில் 15 பேரின் நீரில் வைரஸ் இருந்தது. அவர்களில் மிகவும் முன்னதாகக் கண்டுபிடிக்கப்பட்டவருக்குத் தொற்று ஏற்பட்டு 8 நாள்தான் ஆகியிருக்கும் என்பது கணக்கு. சாதாரண ரத்தப் பரிசோதனையில் எச்ஐவி இருப்பது தெரியவருவதற்கு முன்பே, அது மூளையின் வாசலைத் தாண்டிவிடுகிறது.

அந்த வாசல் சாமானியமானதல்ல. மூளைக்குள் ஓடும் நுண் ரத்தக் குழாய்களின் சுவர் செல்கள் ஒன்றோடொன்று நெருக்கித் தைத்ததுபோல் ஒட்டியிருக்கும். உடம்பின் மற்ற இடங்களில் ரத்தத்திலிருந்து கசிந்து வெளியேறும் பொருள்கள்கூட இங்கே கசிய முடியாது. எத்தனையோ மருந்துகள் இந்தத் தடுப்பில் முட்டித் திரும்பிவிடுகின்றன. ஆனால் மோனோசைட் போன்ற சில வெள்ளையணுக்களுக்கு உள்ளே போய்வர உரிமை உண்டு. ரோந்து அவற்றின் வேலை. எச்ஐவி அந்த மோனோசைட்டுக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகிறது.

உள்ளே போனபின் அது தேடுவது நரம்பணுவை அல்ல. எச்ஐவி ஒரு செல்லுக்குள் நுழைய வேண்டுமென்றால் அந்தச் செல்லின் மேற்பரப்பில் சிடி4 என்ற புரதம் இருக்க வேண்டும், கூடவே பெரும்பாலும் சிசிஆர்5 என்ற இன்னொன்றும். நரம்பணுவில் சிடி4 கிடையாது. அது இருப்பது ரத்தக் குழாய்களை ஒட்டிக் குடியிருக்கும் மேக்ரோபேஜ்களிலும், மைக்ரோக்ளியா என்ற செல்களிலும்.

மைக்ரோக்ளியாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1919-இல் மாட்ரிட்டில் பியோ தெல் ரியோ ஹோர்தேகா என்பவர் வெள்ளி உப்புச் சாயம் போட்டுப் பார்த்து, இது தனி இனம் என்று காட்டினார். மெல்லிய கிளைகளை நாலாபக்கமும் நீட்டி நீட்டிச் சுருக்கி, தன்னைச் சுற்றியுள்ள இடத்தைச் சதா தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும். குப்பையைத் தின்னும், கிருமி வந்தால் பாயும், வேண்டாத நரம்பிணைப்புகளைக் கத்தரிக்கும். இதில் ஆச்சரியம் என்னவென்றால், மூளையில் வாழ்ந்தாலும் இவை மூளை வித்திலிருந்து முளைத்தவை அல்ல. எலிகளில் செய்த ஆய்வுகளின்படி, கரு மிகச் சிறிதாக இருக்கும்போதே கருவின் வெளியே உள்ள மஞ்சள்கருப் பையிலிருந்து புறப்பட்டு வந்து மூளையில் குடியேறுகின்றன. அதன்பின் பெரும்பாலும் வெளியிலிருந்து புதிய ஆள் வருவதில்லை, தாமே பெருகிக்கொள்கின்றன. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்து மனித மைக்ரோக்ளியாவின் வயதை ஸ்வீடன் விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். சராசரியாக நான்கு ஆண்டுகளுக்கு மேல். சில செல்கள் இருபது ஆண்டைத் தாண்டியவை.

இந்த நீண்ட ஆயுள்தான் வைரஸுக்கு வசதி. ரத்தத்தில் எச்ஐவி பெருகும் சிடி4 செல்கள் ஓரிரு நாளில் செத்துவிடும். மைக்ரோக்ளியா அப்படிச் சட்டென்று சாவதில்லை. வைரஸை மடியில் கட்டிக்கொண்டு ஆண்டுக் கணக்கில் வாழும். நோய் முற்றிய மூளைகளைத் திசு ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்க்கும்போது, பல செல்கள் உருகி ஒன்றாகி, ஒரே உடம்புக்குள் பல உட்கருக்களோடு கிடக்கும் பூதச் செல்கள் தென்படும். இந்த வைரஸ் மூளையில் விட்டுப்போகும் கையெழுத்து அது.

இனிமேல் நடப்பது வேலியே பயிரை மேய்ந்த கதை. தொற்று பிடித்த மைக்ரோக்ளியாவும் மேக்ரோபேஜும் விழித்துக்கொண்டு, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் ரசாயனங்களைக் கக்குகின்றன. அக்கம்பக்கத்தில் தொற்று இல்லாத செல்களும் அதைக் கேட்டுக் கிளம்புகின்றன. கூடவே வைரஸின் சொந்தப் புரதங்களும் கசிகின்றன. மேலுறைப் புரதமான ஜிபி120 ஒன்று, டாட் என்பது இன்னொன்று. இவை எல்லாம் சேர்ந்து நரம்பணுவைச் சுற்றியுள்ள சூழலைக் கெடுக்கின்றன.

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேச அதிகம் பயன்படுத்தும் பொருள் குளூட்டமேட். ஒரு துளி வெளியாகும், அடுத்த நரம்பணு அதை வாங்கிக்கொள்ளும், மிச்சத்தை ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் உடனே துடைத்து எடுத்துவிடும். அழற்சி வந்த மூளையில் குளூட்டமேட் கூடுதலாக வெளியாகிறது, துடைக்கும் வேலையும் சுணங்குகிறது. நரம்பணுவின் வாங்கிகள் ஓய்வில்லாமல் திறந்தே இருக்க, கால்சியம் உள்ளே கொட்டுகிறது. அளவு மீறிய கால்சியம் நரம்பணுவுக்கு விஷம். முதலில் போவது நரம்பணுவின் உயிர் அல்ல, அதன் கிளைகள். மற்ற நரம்பணுக்களோடு கை கோத்திருந்த நுனிகள் மழுங்கி, இணைப்புகள் குறைந்து, செய்தி போவது தாமதமாகிறது. படுக்கையில் இருந்தவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட அந்தக் கூடுதல் நேரம் இங்கேதான் கழிந்தது.

1995-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். அறிவுத்திறன் எவ்வளவு போயிற்று என்பது மூளையில் உள்ள வைரஸின் அளவைப் பொறுத்ததா, கிளர்ந்தெழுந்த மேக்ரோபேஜ்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததா? இரண்டாவதோடுதான் கணக்கு நன்றாகப் பொருந்தியது. இந்த நோயின் மர்மத்தைத் திறந்த சாவி என்று நான் நினைப்பது இந்த ஒரு முடிவைத்தான். வைரஸைவிட, அதைக் கண்டு பதறியவர்கள் செய்த சேதம் பெரிது. ஆனால், பதற்றத்தை மட்டும் அடக்கும் மருந்துகளைத் தேடியதில் இதுவரை பெரிய வெற்றி இல்லை. அல்சைமருக்குக் கொடுக்கும் மெமாண்டின் குளூட்டமேட் வாங்கியை மட்டுப்படுத்தக்கூடியது. அதை எச்ஐவி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. வேலை செய்தது வைரஸை நேரடியாக அடக்கும் மருந்துதான்.

அதைத் தெளிவாகக் காட்டியவர்கள் குழந்தைகள். தாயிடமிருந்து எச்ஐவி தொற்றிய குழந்தையின் மூளை வளர்ந்துகொண்டிருக்கும் மூளை. அதனால் அடி இன்னும் பலமாக விழும். உட்கார்ந்த குழந்தை உட்கார மறக்கும், பேசிய இரண்டு வார்த்தையும் போய்விடும், தலையின் சுற்றளவு வளராமல் நின்றுவிடும். முதல் எச்ஐவி மருந்தான ஏஇசட்டி 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டக்கூடியது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பிலிப் பிஸோவின் குழுவினர் 21 குழந்தைகளுக்கு, உடம்போடு தூக்கிச் செல்லும் சிறு பம்பை மாட்டி, இரவு பகல் நிறுத்தாமல் ரத்தக் குழாய் வழியாக அந்த மருந்தைச் செலுத்தினார்கள். அவர்களில் 13 பேருக்கு ஏற்கெனவே மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருந்தது. 13 பேரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. அறிவுத்திறன் மதிப்பெண்கள் ஏறின. இழந்ததில் ஒரு பகுதி திரும்பி வந்தது.

1988-இல் வெளியான இந்த முடிவைப் படிக்கும்போது இன்றும் மனசு ஒரு கணம் நிற்கிறது. அந்த மருந்து தனியாக நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை, வைரஸ் அதற்குப் பழகிக்கொண்டது. ஆனால் அதற்குள் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. நரம்பணுக்கள் எல்லாம் செத்துப் போயிருந்தால் எதுவும் திரும்ப வந்திருக்காது. அவை உயிரோடுதான் இருந்தன, கிளைகள் மட்டும் மழுங்கியிருந்தன.

1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. கடுமையான எச்ஐவி டிமென்ஷியா, மருந்து கிடைத்த நாடுகளில், அபூர்வமாகிப் போனது.

மூளையோடு கதை முடிவதில்லை. தண்டுவடத்தில், முக்கியமாக மார்பு மட்டத்தில், வெண்பொருள் நுண்துளைகள் விழுந்து பஞ்சுபோல் ஆவதுண்டு. பார்ப்பதற்கு பி12 வைட்டமின் குறைவால் வரும் சேதம் போலவே இருக்கும். கால் விறைக்கும், நடை தள்ளாடும், சிறுநீர் அடக்க முடியாது. இதைவிட அதிகம் பேரை வாட்டுவது பாத எரிச்சல். உடம்பிலேயே நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால் விரல் நுனிவரை ஓடுபவை. சேதம் வரும்போது நீளமானவையே முதலில் தளர்கின்றன. ஆகவே எரிச்சலும் மரத்துப்போதலும் இரண்டு கால் விரல்களிலும் தொடங்கி, காலுறை போட்ட இடம்வரை ஏறும். ராத்திரியில் போர்வை பட்டால்கூடத் தாங்காது என்பார்கள்.

இதில் மருந்தின் பங்கும் உண்டு. 2001-இல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளைச் சேர்த்து ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்து உலகச் சந்தையையே புரட்டிப்போட்டது. அந்த மூன்றில் ஒன்று ஸ்டாவுடின். இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 அன்று ஏஆர்டி என்ற இலவச எச்ஐவி மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது அதுவும் முதல்கட்ட மருந்துகளில் இருந்தது. அப்போது தொடங்கிய சில மையங்களில் தாம்பரம் சானடோரியம் ஒன்று. ஸ்டாவுடின் எத்தனையோ உயிர்களைக் காத்தது, ஐயமில்லை. ஆனால் செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு நகலெடுப்பையும் கெடுத்து, நீண்ட நரம்புகளைச் சேதப்படுத்தியது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. இன்று அது இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் மருந்து தொடங்கியவர்கள் சிலர் இன்னும் அந்த எரிச்சலோடு இருக்கிறார்கள். காசநோய் மாத்திரையான ஐசோனியசிடும் இதே தொல்லையைத் தரும். சர்க்கரை நோயும் தரும். எச்ஐவி உள்ளவர்களுக்கும் ஐம்பது, அறுபது வயதாகிறது, சர்க்கரை வருகிறது. எந்த எரிச்சல் எதனால் என்று பிரித்தறிவது இப்போது சிக்கலான வேலை.

நம் நாட்டில் இந்த மூளைப் பாதிப்பு எப்படி இருந்தது? 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்திய நோயாளிகள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். நரம்பியல் மருத்துவர் சதீஷ்சந்திரா, மூளைத் திசு ஆய்வில் பேர்பெற்ற எஸ்.கே. சங்கர் உள்ளிட்டோர் 1989 முதல் 1996 வரையிலான நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அமெரிக்க அனுபவத்திலிருந்து ஒரு வேறுபாடு தெரிந்தது. இங்கே மூளையைத் தாக்கியவை பெரும்பாலும் வந்தேறிக் கிருமிகள்: கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, காசநோய், டாக்சோபிளாஸ்மா. எச்ஐவி டிமென்ஷியா அரிது.

ஏன்? முதல் விளக்கம் வேதனையானது. டிமென்ஷியா வரும்வரை நம் நோயாளிகள் உயிரோடு இருக்கவில்லை. காசநோயும் பூஞ்சையும் முந்திக்கொண்டன. இரண்டாவது விளக்கம் வைரஸிலேயே இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது எச்ஐவியின் ‘பி’ வகை. இந்தியாவில் மிகப் பெரும்பான்மை ‘சி’ வகை. 2004-இல் பெங்களூருவில் உதயகுமார் ரங்கா தலைமையிலான குழு, ‘சி’ வகையின் டாட் புரதத்தில் 31-ஆம் இடத்தில் இருக்கவேண்டிய சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக செரைன் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. ஒரே ஓர் எழுத்து மாற்றம். அதன் விளைவாக, மோனோசைட்டுகளைக் கூவி அழைக்கும் ஆற்றல் அந்தப் புரதத்துக்குக் குறைந்துபோனது. அழைப்பு பலவீனமானால் மூளைக்குள் வரும் கூட்டமும் குறையும், சேதமும் குறையும். அழகான விளக்கம்.

அழகாக இருப்பதாலேயே அதை முழுசாக நம்பிவிட முடியாது. அதே நிம்ஹான்ஸில் 2007-இல் வெளியான ஆய்வில், வெளிப்படையாக எந்தத் தொந்தரவும் இல்லாத எச்ஐவி நோயாளிகளை உட்காரவைத்து நுணுக்கமாகச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களிடம் லேசானது முதல் மிதமான அளவுவரை குறைபாடு தெரிந்தது. கடுமையான குறைபாடு யாருக்கும் இல்லை. ‘சி’ வகையே பரவலாக உள்ள தெற்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் டிமென்ஷியா காணப்படுகிறது. நம்மூர் வைரஸ் சாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போதைய நிலைக்கு வருவோம். 2010-இல் அமெரிக்காவின் சார்ட்டர் ஆய்வு 1,555 பேரைச் சோதித்து, 52 சதவீதம் பேரிடம் ஏதோ ஒரு அளவில் அறிவுத்திறன் குறைபாடு இருப்பதாகச் சொன்னது. டிமென்ஷியா இருந்தது 2 சதவீதம் பேருக்குத்தான். 33 சதவீதம் பேர் தமக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்றவர்கள், சோதனையில்தான் மதிப்பெண் குறைந்தது. இந்த 33 சதவீதம்தான் சர்ச்சைக்கு இடம். அளவுகோலைத் தாராளமாக வைத்தால் எச்ஐவி இல்லாத நல்ல மனிதரிலேயே கணிசமானோர் ‘குறைபாடு’ பட்டியலில் விழுவார்கள். படிப்பு, வறுமை, தூக்கம், மது, மனக்கவலை எல்லாம் மதிப்பெண்ணைத் தொடும். வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம், உங்கள் மூளையில் கோளாறு என்று எண்ணை வைத்துச் சொல்வது என்ன நியாயம்? ஏற்கெனவே ஒரு பழியைச் சுமப்பவர் தலையில் இன்னொன்றா? 2023-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று இதை ஏற்று, வெறும் மதிப்பெண்ணை வைத்து முத்திரை குத்துவதை நிறுத்தி, அறிகுறியையும் காரணத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. நல்ல முடிவு. கொஞ்சம் தாமதம்.

ஆனாலும் வைரஸ் மூளையை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் தெரியாத நிலையில் இறந்தவர்கள் தம் உடலை ஆய்வுக்குத் தந்திருக்கிறார்கள். அவர்களின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த மைக்ரோக்ளியாவில், மறுபடி பெருகும் திறனுள்ள எச்ஐவி உறங்கிக் கிடந்ததை 2023-இல் வட கரோலினா விஞ்ஞானிகள் காட்டினார்கள். எச்ஐவியை அடியோடு ஒழிக்கும் மருந்தைத் தேடுவோருக்கு இதுதான் பெரிய தலைவலி. சிலரிடம் இன்னொன்றும் நடக்கிறது. ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருக்கும், மூளைத் தண்டுவட நீரில் அடங்காமல் இருக்கும். ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கையில் தலைவலி, நடை தடுமாற்றம், குழப்பம், வலிப்பு என்று வருவார்கள். இந்தியாவிலும், இரண்டாம் கட்ட மருந்தில் இருந்தவர்களிடையே, இது பதிவாகியிருக்கிறது. நல்லவேளையாக, மூளை நீரில் உள்ள வைரஸ் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்து மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். ஆனால் அதற்கு யாராவது சந்தேகப்பட வேண்டும்.

அந்தச் சந்தேகம்தான் நம் மையங்களில் குறைவு என்பது என் எண்ணம். மாதாமாதம் மாத்திரை வாங்க வருபவரிடம் எடை கேட்கிறோம், இருமல் கேட்கிறோம். ‘முன்பைவிட மறதி அதிகமா? வேலை செய்ய நேரம் கூடுதலாக ஆகிறதா? கால் எரிகிறதா?’ என்ற மூன்று கேள்விகளை யாரும் கேட்பதில்லை. நோயாளியும் சொல்வதில்லை, வயசாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார். கேட்பதற்கு ஒரு நிமிடம், விரல் தட்டிப் பார்க்க இன்னொரு இரண்டு நிமிடம்.

ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று. சிடி4 அளவு வாழ்நாளில் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியது என்பதைப் பொறுத்தே பின்னாளில் மூளையின் நிலை பெருமளவு அமைகிறது. சீக்கிரம் மருந்து தொடங்கியவர்களுக்கு அது ஆழமாக இறங்க வாய்ப்பே கிடைப்பதில்லை. 2017 முதல் இந்தியாவில் சிடி4 எத்தனை என்று பாராமல், தொற்று உறுதியானவுடன் இலவசமாக மருந்து தொடங்கப்படுகிறது. ஆகவே, சந்தேகம் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்கள், மறதியோ தடுமாற்றமோ பாத எரிச்சலோ வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.